மொரிட்டானியா: தலைநகர் நுவாக்‌ஷோட்டிலிருந்து பாலைவன ஊர் சிங்கெட்டி வரை ஏஜென்சி இல்லாமல் போக முடியுமா?

பாலைப்பயணி: டிசம்பரில் தனியாகப் போகிறேன். பிரெஞ்சு அரைகுறை. பஸ், பணம், செக்போஸ்ட் பற்றிச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தடம்: போகலாம். 2025 முதல் விசாவுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்து ‘ஃபிஷ்’ (fiche, பிரெஞ்சில் விவரத்தாள்): பெயர், நாடு, தொழில், பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் ஒரே தாளில். 25 பிரதியாவது எடுங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஜெண்டார்ம் (காவல் படையினர்) ஒரு பிரதி வாங்கிக்கொள்வார். தாள் இல்லையென்றால் அவர் கையால் எழுதி முடிக்கும்வரை மொத்த வண்டியும் காத்திருக்கும், அத்தனை பேரும் உங்களைத்தான் முறைப்பார்கள்.

நுவாக்‌ஷோட்–அத்தார் (வழியில் வரும் ஊர்) சுமார் 430 கி.மீ., தார்ச்சாலை. அங்கிருந்து சிங்கெட்டி 80 கி.மீ. சொச்சம். அதற்குப் பகிர்வு ஜீப்தான், ஆள் நிரம்பினால்தான் நகரும். அத்தாருக்கு மாலையில் போய்ச் சேர்ந்தால் அன்றிரவு அங்கேயே தங்கத் தயாராக இருங்கள்.

மணல்மேடு: பணத்தில்தான் பலர் குழம்புவது. 2018-இல் 10 பழைய உகியாவை (அந்நாட்டு நாணயம்) 1 புதியது ஆக்கினார்கள். பேச்சில் இன்னும் பழைய கணக்கு ஓடுகிறது. “ஐயாயிரம்” என்றால் பெரும்பாலும் புதிய 500. ஏறுவதற்கு முன் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். ஏடிஎம்மைத் தலைநகருக்கு வெளியே நம்பாதீர்கள், யூரோ ரொக்கம் வையுங்கள்.

பாலைப்பயணி: இரவுக் குளிர்?

ஒட்டகத்தடம்: டிசம்பரில் நன்றாகவே குளிரும், ஸ்லீப்பிங் பேக் வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். மது கொண்டுபோகவே வேண்டாம், அங்கே தடை.