வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

நெல்லைச்சீமை:
வணக்கம். அமெரிக்கா வந்து இன்னும் பெட்டிகளையே முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் பையன் பள்ளியில் பிரச்சினை. வகுப்பில் உட்காருவதில்லை, எழுதச் சொன்னால் பென்சிலை வீசுகிறானாம். எழுத்துக்கூட்டிப் படிக்க ஊரிலேயே திணறுவான். டீச்சர் முதலில் "ஆங்கிலம் பழகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். இப்போது திடீரென்று ஒரு படிவம் வந்திருக்கிறது, வெள்ளிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். அதில் டிசெபிலிட்டி, அதாவது குறைபாடு, என்று நாலைந்து இடத்தில் வருகிறது. கணவர் வேலை விஷயமாக வெளியூரில். போட்டால் தனி வகுப்பில் தள்ளிவிடுவார்களா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா? யாராவது உடனே சொல்லுங்கள், தூக்கம் போச்சு.

சும்மா_இருப்பவன்:
போடாதீங்க சிஸ்டர். ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் கல்லூரி வரை தொடரும். என் மச்சினர் பையனும் ஒரு பக்கம் உட்கார மாட்டான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். கிரீன் கார்டு போடும்போது இதையெல்லாம் தோண்டுவார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

எடிசன்_வாசி:
ஆபீஸில் பேசிக்கொண்டதை எல்லாம் சட்டம் மாதிரி சொல்லாதீர்கள். பள்ளிப் பதிவேட்டை பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியில் கொடுக்கக் கூடாது என்று 1974-லிருந்து ஃபெர்ப்பா சட்டம் இருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, இது அதில் வராது. விசா விஷயம் இன்னும் எளிது. ஆவணமே இல்லாத குழந்தைக்கும் பள்ளிக் கதவை மூடக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது, பிளைலர் வழக்கு.

அம்மா, நீங்கள் முதலில் ஐஇபி, அதாவது பையனுக்கென்று தனிக் கல்வித் திட்டம், கேட்டு எழுத்தில் கொடுங்கள். 20 நாளில் கூட்டம் போட வேண்டும், சம்மதம் கொடுத்து 90 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இழுத்தால் வக்கீல் வையுங்கள், அப்போதுதான் மதிப்பார்கள்.

தறிக்காரர்:
வக்கீலா? ஒரு மணி நேரத்துக்கு அவர் கேட்கிற காசில் இந்தப் பெண் மாத மளிகையே வாங்கிவிடலாம். நாங்கள் பஃபலோவில் வந்து இறங்கியபோது இடுப்பளவு பனி, கார் இல்லை, அரிசிக்கு பஸ்ஸில் இரண்டு ஊர் தாண்டிப் போவேன். அப்போது யார் எங்களுக்கு ஐஇபி எல்லாம் சொன்னார்கள்? என் மகள் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை, அப்புறம் தானாகச் சரியாகிவிட்டாள். கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி.

அப்படியே ஒரு சந்தேகம். அப்பா சக்கர நாற்காலியில் வரப் போகிறார். அபார்ட்மெண்ட்காரர் வாசல் பக்கம் பார்க்கிங் தர மாட்டேன் என்கிறார். யாருக்காவது தெரியுமா?

சும்மா_இருப்பவன்:
இதைத்தான் நானும் சொன்னேன், பொறுங்கள் என்று.

பிளேனோ_பாட்டி:
பொறுத்த கதை எனக்குத் தெரியும். பேரனுக்கு டிஸ்லெக்சியா, எழுத்தைப் படிப்பதில் வரும் குறைபாடு, என்று கண்டுபிடிக்கவே ஐந்தாம் வகுப்பு ஆகிவிட்டது. "கொஞ்ச நாள் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கிறோம்" என்று பள்ளிக்கூடம் சொன்னதை நம்பி மகளும் மருமகனும் காத்துக் கிடந்தார்கள். எங்கள் டெக்சாஸில் அப்போது மாநிலக் கல்வித் துறையே ஒரு கணக்கு வைத்திருந்ததாம். மொத்தப் பிள்ளைகளில் 8.5 சதவீதத்துக்கு மேல் ஸ்பெஷல் எட், அதாவது சிறப்புக் கல்வி, போகாமல் இருந்தால் நல்ல பள்ளி மாவட்டம். 2004-இல் ஆரம்பித்து, 2016-இல் ஹூஸ்டன் பத்திரிகை அம்பலப்படுத்தும் வரை ஓடியது. 2018-இல் மத்திய அரசே சட்ட மீறல் என்று சொன்னது. எத்தனை பிள்ளைகள் வீணாய்ப் போனார்களோ. பள்ளியில் கேட்டால் எல்லோரும் சிரித்த முகம்தான்.

கொடை_குளிர்:
நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது பாட்டி. 2016-இல் புதுச் சட்டம் போட்டு ஊன வகைகளை 7-லிருந்து 21 ஆக்கினார்கள். எங்கள் தெரு பள்ளியில் சாய்தளத்தின் உச்சியில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். சான்றிதழுக்கு 40 சதவீத ஊனம் என்று அளந்து தரும் டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், அந்தச் செவ்வாய் லீவு.

சும்மா_இருப்பவன்:
பூந்தொட்டி 😂 எங்கள் ஊர் தாலுகா ஆபீஸில் சைக்கிள் நிறுத்துவார்கள்.

இரட்டையர்_அம்மா:
சரி, போதும். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்தான், பூந்தொட்டியைப் பிறகு பேசலாம். நெல்லைச்சீமை, எந்த மாநிலம், பையனுக்கு என்ன வயது, படிவத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது? இது மூன்றும் இல்லாமல் இங்கே யார் சொன்னாலும் குருட்டடிதான். எடிசன் சார் சொன்ன 20-உம் 90-உம் நியூ ஜெர்சிக் கணக்கு.

நெல்லைச்சீமை:
மன்னிக்கணும், பதற்றத்தில் சொல்லவே இல்லை. டாலஸ் பக்கம். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. தலைப்பில் "கன்சென்ட் ஃபார் ஃபுல் அண்ட் இண்டிவிஜுவல் இனிஷியல் எவால்யுவேஷன்" என்று இருக்கிறது. கூடவே பெற்றோர் உரிமைகள் என்று தடியாக ஒரு புத்தகம்.

இரட்டையர்_அம்மா:
அப்படியென்றால் பயப்படவே வேண்டாம், போடுங்கள். இது பரிசோதனை செய்து பார்க்க மட்டும் சம்மதம். தனி வகுப்புக்கும், எந்தச் சேவைக்கும் பின்னால் வேறு சம்மதம் கேட்டாக வேண்டும், அப்போது மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஐடிஇஏ என்கிற மத்திய சிறப்புக் கல்விச் சட்டமே, முடிந்தவரை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துத்தான் படிக்க வைக்க வேண்டும் என்கிறது. நிறைய பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டு இந்தப் படிவத்துக்காகத்தான் காத்துக் கிடக்கிறார்கள், உங்களுக்குக் கேட்காமலே வந்திருக்கிறது. டெக்சாஸில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததிலிருந்து பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கையை முடிக்க வேண்டும். லீவு நாள் கணக்கில் வராது. அதற்குப் பிறகு 30 நாளில் ஏஆர்டி கூட்டம். மற்ற மாநிலத்தில் ஐஇபி கூட்டம் என்பார்களே, அதேதான்.

போடும்போது கூடவே ஒரு மின்னஞ்சல். வீட்டு மொழி தமிழ், தமிழிலும் சோதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். செய்யவே முடியாத நிலை தவிர, தாய்மொழியில் சோதிப்பது சட்டம். ஆங்கிலம் தெரியாததை வைத்து மட்டும் குறைபாடு என்று முடிவு கட்டவும் கூடாது. டீச்சர் சொன்ன "ஆங்கிலம் பழகட்டும்", பாட்டி சொன்ன "கூடுதலாகச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கிறோம்" இரண்டையும் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. கூடுதல் பயிற்சியைச் சாக்கு வைக்காதீர்கள் என்று 2011-இல் மத்தியக் கல்வித் துறை எல்லா மாநிலத்துக்கும் கடிதமே அனுப்பியது. ஊரில் எடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் நகல் கொடுங்கள். அதை வைத்தே சேவைக்குத் தகுதி வந்துவிடாது, ஆனால் பார்க்காமல் ஒதுக்கவும் கூடாது. கூட்டத்தில் உங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் செலவு பள்ளியுடையது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வக்கீலுக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் பெற்றோர் உதவி மையம் உண்டு. டெக்சாஸில் அதை நடத்துவது பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க், காசு வாங்க மாட்டார்கள்.

தறிக்காரர் அண்ணா, உங்களுக்கு வீட்டு வசதிச் சட்டம். நடக்க முடியாதவருக்கு வாசல் பக்கம் இடம் ஒதுக்குவது நியாயமான ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள். அப்பா பார்வையாளர் விசாவில் வந்தாலும் அது பொருந்தும். குளியலறைக் கைப்பிடி மாதிரி மாற்றம் என்றால் தனியார் வீட்டில் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

நெல்லைச்சீமை:
போட்டு ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டேன், தமிழ் பற்றியும் எழுதிவிட்டேன். கூட்டத்தில் எனக்கு ஒத்துவரவில்லை என்றால் அன்றே முடிவு சொல்லியாக வேண்டுமா?

இரட்டையர்_அம்மா:
வேண்டாம் கண்ணு. ஒத்துவரவில்லை என்று சொன்னால், கூட்டத்தை ஒத்திவைத்து மறுபடி கூட ஒரு வாய்ப்பு உண்டு, அதிகபட்சம் 10 பள்ளி நாள். எதில் ஒத்துவரவில்லை என்பதைக் கூட்ட அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். அனுப்பிய மின்னஞ்சலுக்கு "கிடைத்தது" என்று பதில் வந்ததா, அதை முதலில் பாருங்கள். 45 நாள் கணக்கு தொடங்கும் தேதி அதில்தான் இருக்கும்.