எங்கள் வீடு குழு: மலை இறங்கும் வண்டி

வெள்ளி

காலை 9:42
நான்: அமெரிக்காவின் மானுமென்ட் வேலியிலிருந்து டென்வரில் இருக்கும் பெரியக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அண்ணன் ஓட்டுகிறான், அப்பா முன்சீட்டில். விடியுமுன்னே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் வரவர அந்தப் பாறைகள் கறுப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறின. ஒரு வார்த்தை பேசவில்லை. டீ ஆறிப்போனது.

காலை 9:50
அத்தை, ராசிபுரம்: படம் பார்த்தேன். ஆள் நடமாட்டமே காணோமே?

காலை 9:53
நான்: நவஹோ பழங்குடி மக்களின் நிலம் அத்தை. கடிகாரம்கூட அவர்களுக்குத் தனி. அரிசோனாவில் கோடைக்காக மணியை முன்னால் தள்ளுவதில்லை, நவஹோ நிலத்தில் தள்ளுகிறார்கள். நேற்று கிராண்ட் கேன்யனிலிருந்து வரும்போது எல்லை தாண்டியதும் ஒரு மணி நேரம் போய்விட்டது.

காலை 9:58
அம்மா: நாளை புரட்டாசிச் சனி. பகல் 12 மணிக்குத் தளிகை போட வேண்டும். இன்று ராத்திரியே டென்வர் வந்துவிடுங்கள்.

காலை 9:59
பெரியக்கா: எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

காலை 10:06
நான்: அப்பா வேண்டாம் என்கிறார். அவர் சொன்னதை அப்படியே தட்டுகிறேன்: “இருட்டில் தெரியாத மலையை இறங்கக் கூடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவும் எனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். அங்கேயே கடைசி வண்டியை ராத்திரி மேலே நிறுத்தி, விடிந்த பிறகுதான் இறக்குவேன். இது 25 அடி வண்டி. அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் முதுகில் இருக்கிறது. பையன் கை அசந்துவிடும்.”

காலை 10:15
அம்மா: வருஷத்தில் நாலைந்து சனிதான் வருகிறது.

பகல் 2:20
அண்ணி: மோவாப் தாண்டியதும் குறுக்குக் காற்று. லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பிரிட்ஜ் கதவு திறந்து தயிர் முழுவதும் தரையில். ஓரமாக நிறுத்திவிட்டோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டிக்கொண்டிருந்த அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

பகல் 2:24
அம்மா: நிறுத்துங்கள். ராத்திரி அங்கேயே எங்காவது தங்குங்கள். தளிகை சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம், விளக்கு ஆறு மணிக்கு. பெருமாள் காத்திருப்பார்.

மாலை 6:40
நான்: கொலராடோ எல்லை தாண்டி ஃப்ரூட்டாவில் தங்குகிறோம். கரண்ட், தண்ணீர் இணைப்புக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் சாப்பிட்டதும் தூங்கிவிட்டான்.

சனி

காலை 7:05
நான்: கிளம்பிவிட்டோம். இன்னும் 250 மைல் போல.

காலை 7:09
அத்தை, ராசிபுரம்: நல்லபடியாகப் போங்கள். என் அண்ணனை, உன் அப்பாவை, காதை மூடச் சொல், குளிர் ஆகாது.

காலை 9:50
நான்: கிளென்வுட் கேன்யன். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே கொலராடோ ஆறு, அதன் மேல் தூண்களில் சாலை. இப்படித் தூக்கிக் கட்டியிருக்கிறார்களே என்று அப்பா வாய்விட்டுச் சொன்னார். 1992-இல் முடித்த சாலை.

பகல் 12:10
நான்: வெய்ல் கணவாய், 10,662 அடி. ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சள். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிட்டது. டீத்தூள் எவ்வளவு போட்டாலும் சாயம் இறங்கவில்லை.

பகல் 12:14
பெரியக்கா: அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். டென்வரிலேயே 95தான். அதனால்தான் நான் பருப்பைக் குக்கரில் மட்டும் வைக்கிறேன். அப்பாவுக்கு மூச்சு எப்படி?

பகல் 12:16
நான்: நன்றாக இருக்கிறார். மெதுவாக நடக்க வைத்தோம், தண்ணீர் நிறையக் குடித்தார்.

பகல் 1:35
அண்ணி: சுரங்கப்பாதை தாண்டிவிட்டோம். 11,000 அடிக்கு மேலே, கிட்டத்தட்ட 1.7 மைல் நீளம். அதற்கு மேலிருக்கும் முகட்டில் மேற்கே விழும் மழை கொலராடோ ஆற்றுக்குப் போகும், கிழக்கே விழுவது மிசிசிப்பிக்கு. மாமாவிடம் சொன்னேன், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பகல் 2:40
நான்: கடைசி இறக்கம் முடிந்தது. “பிரேக்கில் காலை வைத்தே இறங்காதே, சூடேறினால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு” என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் கியரைக் குறைத்தான். எஞ்சின் உறுமியது, வண்டி 40 மைலைத் தாண்டவில்லை. பிரேக் போன லாரி ஏறி நிற்க ஜல்லி கொட்டிய ஒரு மேட்டைக் கடந்தபோது அப்பா அண்ணன் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்.

பகல் 2:44
அம்மா: குளிக்க வெந்நீர் போட்டாகிவிட்டது. வடைக்கு அரைத்து வைத்திருக்கிறேன், நீங்கள் வந்த பிறகுதான் எண்ணெய் வைப்பேன்.

பகல் 2:46
பெரியக்கா: எதிர்வீட்டில் சொல்லித் தெருவில் இடம் பிடித்திருக்கிறேன். மரக்கிளை தாழ்வாக இருக்கிறது, திரும்பும்போது அப்பாவை இறங்கிப் பார்க்கச் சொல்.