அம்மாயியின் ‘வா’ எத்தனை கட்டை?

*குழு: சேலம் குகை வீட்டுச் சொந்தங்கள்*

கவின், மாலை 6:12: வீடியோ அனுப்பியிருக்கிறேன். அம்மாயி கூப்பிடுவது, மாமா வீட்டுத் தறி, அம்மா கொலுசு, மூன்றையும் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கப் பார்த்தேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

மாமா, 6:20: கேட்டேன் மாப்பிள்ளை. என் தறி பரவாயில்லை. எங்கம்மா குரல்தான் அணில் கத்துகிற மாதிரி இருக்கிறது 😂

சித்தி, 6:31: ஏற்காட்டில் மழை, நெட் இப்போதுதான் வந்தது. கவின், குரல் மேலே ஏற வேண்டுமென்று கிளிப்பின் வேகத்தைக் கூட்டினாயா?

கவின், 6:32: ஆமாம் சித்தி. ஏறுகிறது, ஆனால் ‘வா’ பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஜப்பானில் ஓட்டோமேட் என்று இதைத்தான் செய்கிறார்கள், அங்கே பேச்சு அப்படியே பாடுகிறது. எனக்கு வரவில்லை.

சித்தி, 6:35: வேகம் வேறு, சுருதி வேறு. ஒலியை வெட்டி ஒட்டுகிற ஆடாசிட்டி மென்பொருளில் ‘சேஞ்ச் பிட்ச்’ என்று தனியாக இருக்கும், அதில் நீளம் மாறாது. முதலில் இதைச் சொல், அம்மாயியின் ‘வா’ எந்தச் சுருதியில் நிற்கிறது?

கவின், 6:35: பேச்சுக்கு ஏது சுருதி?

சித்தி, 6:39: “சாப்பிட வாடா” முழுவதையும் எடுத்தால் மேலும் கீழும் வழுக்கும். ‘வா’வின் நடுவில் குரல் அசையாமல் நிற்கிற இடத்தை மட்டும் வெட்டு, அரை வினாடி போதும். ‘ப்’, ‘ட்’ எல்லாம் தாளத்துக்கு ஆகும், ஸ்வரத்துக்கு ஆகாது. வெட்டியதைச் சுருதி காட்டும் டியூனர் ஆப்பில் காட்டு.

கவின், 6:52: ‘ஜி’ என்கிறது. 196 ஹெர்ட்ஸ்.

சித்தி, 6:53: 5 கட்டை! ஹார்மோனியத்தில் ‘சி’ 1 கட்டை, அங்கிருந்து எண்ணினால் ‘ஜி’ 5. பரவாயில்லையே.

அம்மா, 6:54: அடுப்படியில் நின்று கூப்பிட்டால் தெருமுனையில் கேட்கும். கட்டை இல்லாமலா?

சித்தி, 6:58: மோகன ராகம் வைத்துக்கொள். ஐந்தே ஸ்வரம், எதற்குப் பின் எது வந்தாலும் காதைக் குத்தாது. ச 0 என்றால் ரி 2, க 4, ப 7, த 9, மேல் ச 12. எண் என்பது ச-விலிருந்து எத்தனை அரைப்படி மேலே என்பது, உன் மென்பொருளில் இதைத்தான் செமிடோன் என்று போட்டிருப்பார்கள்.

கவின், 6:59: அப்போ அம்மாயியை ச-வாக வைத்து 12 ஏற்றினால் மேல் ச?

சித்தி, 7:03: ஏற்றினால் 392 ஹெர்ட்ஸ், மறுபடி அணில்தான். ஆறேழு செமிடோனுக்கு மேல் இழுத்தால் மனிதக் குரல் கெட ஆரம்பிக்கும். அதனால் அம்மாயியை ச-வாக வைக்காதே, ப-வாக வை. ச 7 கீழே, ரி 5 கீழே, க 3 கீழே, ப தொடாதே, த 2 மேலே, மேல் ச 5 மேலே. பாட்டு 1 கட்டைக்கு வந்துவிடும், குரலும் தப்பிக்கும்.

கவின், இரவு 8:26: சித்தீ!! அம்மாயி பாடுகிறார்!! ஆனால் தறிச் சத்தம் போகப்போக விலகுகிறது.

மாமா, 8:28: தறி என்ன கடிகாரமா? இழை அறுந்தால் நிற்கும், வோல்டேஜ் குறைந்தால் இழுக்கும். ஒரே ஒரு ‘தடக்’கை வெட்டி அதையே வரிசையாக ஒட்டு. நிமிடத்துக்கு எத்தனை அடி?

கவின், 8:29: 100. வீடியோ வினாடிக்கு 30 ஃப்ரேம்.

மாமா, 8:33: அப்படியென்றால் அடிக்கு 18 ஃப்ரேம், கால் அடிக்கு நாலரை. அரை ஃப்ரேமை எங்கே போய் வெட்டுவாய்? 90 வை. அடிக்கு 20, அரைக்கு 10, காலுக்கு 5. படமும் சத்தமும் ஒரே இடத்தில் விழும்.

சித்தி, 8:34: அண்ணா 👏

மாமா, 8:34: முப்பது வருடமாக இழை எண்ணுகிறேன்.

அம்மா, 8:36: என் கொலுசு எங்கே? ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

சித்தி, 8:38: கொலுசில் பல மணிகள் ஒன்றாக ஒலிக்கும் அக்கா, ஒரு சுருதி பிடிபடாது. இவன் அதையும் பாட வைக்கப் பார்த்திருக்கிறான். கவின், ஆதி தாளம் போட்டுப் பார், எட்டு எண்ணிக்கையில் 6, 8 இரண்டிலும் கை வீச்சு வரும். கொலுசை அங்கே மட்டும் வை.

அம்மாயி, 8:41: 🎤 0:07

கவின், 8:43: “தட்டுவடை செட் சட்னியில் ஊறிப்போகிறது, வாடா” என்கிறார். இந்த ‘வா’ பழையதைவிட நீளம். இதையே போட்டுவிடவா?

சித்தி, 8:44: டியூனரில் பார்த்துவிட்டுப் போடு. கோபத்தில் ஒரு கட்டை ஏறியிருக்கும்.