ஐஇபி மீட்டிங்ல "மாட்டேங்கிறான்" லிஸ்ட் மட்டும்தான் வருது, என்ன பண்றது?

செம்பூர் அம்மா:
பையன் மூணாவது படிக்கிறான், ஆட்டிசம். அடுத்த வாரம் ஸ்கூல்ல ஐஇபி மீட்டிங், அதான் அவனுக்குன்னு தனியா போடற படிப்புத் திட்டத்தைப் பேசற மீட்டிங். போன வருஷ பேப்பர்ல உக்கார மாட்டேங்கிறான், எழுத மாட்டேங்கிறான், கண்ணைப் பாத்து பேச மாட்டேங்கிறான்னு ரெண்டு பக்கம், அடியில நாங்க கையெழுத்து போட ஒரு கோடு, அவ்ளோதான். ஆனா மும்பை ஹார்பர் லைன் ரயில் ஸ்டேஷன் மொத்தமும் வரிசையா சொல்வான், குர்லால எந்த பிளாட்பாரம்னு எனக்கே அவன்தான் வழி காட்டுவான். இதை பிளான்ல சேர்க்கச் சொல்லலாமா, இல்ல பெத்தவ பெருமைன்னு சிரிப்பாங்களா?

முலுண்ட் ஸ்பெஷல் எஜுகேட்டர்:
தாராளமா சொல்லுங்க சிஸ்டர். "ஞாபகசக்தி ஜாஸ்தி"ன்னா டீச்சர் தலையாட்டிட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க, அதனால எங்க, எப்போ, யார் உதவியோட செய்றான்னு சொல்லுங்க, போன்ல சின்ன வீடியோ இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் அதை பிளான்ல இருக்கற கோலோட, அதாவது இலக்கோட கோர்த்துடணும். எழுத்துப் பயிற்சின்னா செம்பூர், திலக் நகர், குர்லா, சுனாபட்டினு அவனோட ஸ்டேஷன் பேரையே எழுதட்டும், கழித்தலுக்கு ஸ்டேஷன் இண்டிகேட்டர் போர்டுல 8.12 வண்டிக்கும் 8.20 வண்டிக்கும் நடுவுல எத்தனை நிமிஷம். டிராஃப்டை முன்னாடியே வாட்ஸப்ல கேட்டு வாங்கிடுங்க, அங்க போய் முதல் தடவையா பாத்தா கையெழுத்து மட்டும்தான் போட முடியும்.

தாராவி அப்பா:
எனக்கு இதுல ஒரு பயம் உண்டு. எங்க பொண்ணுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துக் கூட்டிப் படிக்கறது கஷ்டம், "நல்லா வரைவா"ன்னு எழுதிட்டு ரீடிங் பீரியட்லயும் கலர் பென்சிலைக் கொடுத்து உக்கார வச்சுட்டாங்க. அதனால திறமையை எழுதினாலும், உங்க பையனுக்கு ஸ்பீச் தெரபி மாதிரி உதவியை யார் தர்றாங்க, வாரத்துக்கு எத்தனை தடவைன்னு அதே பேப்பர்ல இருக்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16வது பிரிவுல, அங்கீகாரம் வாங்கின ஸ்கூலும் பிள்ளைக்குத் தேவையான தனி உதவி தர அரசு முயற்சி எடுக்கணும்னு இருக்கு. எடுத்ததும் சட்டம் பேசாதீங்க, கைல இருக்கட்டும்.

மாட்டுங்கா அக்கா:
வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூட்டிட்டுப் போம்மா. எங்க வீட்டுல அத்தை தமிழ்ல "தட்டை எடுத்துட்டு வந்து தண்ணி வை"ன்னா பேரன் ரெண்டையும் செய்வான், ஸ்கூல்ல இங்கிலீஷ்ல சொல்லி இவனுக்கு ஒண்ணும் புரியலன்னு எழுதி வச்சிருந்தாங்க.

செம்பூர் அம்மா:
டிராஃப்ட் கேட்டு மெசேஜ் போட்டுட்டேன், "ஓகே மேம்"னு மட்டும் வந்திருக்கு, பாப்போம். கண்ணைப் பாக்கற கோலை எடுக்கச் சொன்னா பதிலுக்கு என்ன கேக்கலாம்?

முலுண்ட் ஸ்பெஷல் எஜுகேட்டர்:
உதவி வேணும்னா தானா கேக்கறது. வாயால சொன்னாலும் சரி, கார்டைக் காட்டினாலும் சரி, எங்க பாத்துக்கிட்டு கேட்டாலும் சரி.