ஸ்டேக் வாங்கப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு: எந்தத் துண்டு எது?

பாளையங்கோட்டையிலிருந்து போன மாதம் லண்டன் வந்த தம்பி ஒருவர், "அண்ணாச்சி, ரிப்-ஐயும் சர்லாய்னும் ஒண்ணு போலத்தான இருக்கு, எதை வாங்க?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டும் ஸ்டேக்தான், அதாவது சுட்டுச் சாப்பிடுகிற மாட்டுக்கறித் துண்டு. மேலப்பாளையத்தில் "பாய், தனிக்கறி அரைக்கிலோ, குழம்புக்கு" என்று சொன்னால் போதும், எங்கே வெட்டுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். இங்கே நாம்தான் பார்க்க வேண்டும்.

ரிப்-ஐ விலாப்பகுதிக் கறி. துண்டின் உள்ளேயே ஒரு கொழுப்புத் திட்டு இருக்கும். அதை ஒட்டி, ஓரமாகப் பிறை போல ஒரு சதை தனியாக வளைந்து கிடக்கும். என் நாக்குக்கு மாட்டிலேயே ருசியான இடம் அந்தப் பிறைதான். சர்லாய்ன் அதற்குப் பின்னால், இடுப்பை ஒட்டிய முதுகுக்கறி. முழுக்க ஒரே சதை. ஒரு பக்கம் மட்டும் வேட்டிக்கரை மாதிரி வெள்ளைக் கொழுப்பு ஓடும். கரை இருந்தால் சர்லாய்ன், பிறை இருந்தால் ரிப்-ஐ.

பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் தங்கை வீட்டுக்குப் போனபோது சர்லாய்ன் என்று எழுதியிருந்ததை வாங்கிச் சுட்டேன். மென்று மென்று தாடை வலித்தது. பிரிட்டனில் சர்லாய்ன் என்பதை அமெரிக்காவில் ஸ்ட்ரிப் என்பார்கள். அங்கே சர்லாய்ன் என்றால் பிரிட்டனின் ரம்ப், அதாவது இன்னும் பின்னால் உள்ள கறி. ஆஸ்திரேலியாவில் ரிப்-ஐக்கு ஸ்காட்ச் ஃபில்லெட் என்று பெயர். எலும்பில்லாத ஸ்ட்ரிப்பை அங்கே போர்ட்டர்ஹவுஸ் என்று விற்பார்கள். அமெரிக்கப் போர்ட்டர்ஹவுஸோ டி-போன் வகை, T வடிவ எலும்போடு இருக்கும். எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறுபக்கம் மெத்தென்ற ஃபில்லெட் (ஸ்காட்ச் ஃபில்லெட் வேறு, இது வேறு). அந்த ஃபில்லெட் ஒன்றேகால் அங்குல அகலமாவது இருந்தால்தான் அமெரிக்காவில் போர்ட்டர்ஹவுஸ். குறைந்தால் டி-போன், அதற்கும் அரை அங்குலமாவது வேண்டும்.

ஃபிளாங்க், ஸ்கர்ட் இரண்டும் தட்டையான வயிற்றுப்பக்கக் கறி. ஃபிளாங்க் அகலம், நார் நீளவாக்கில் ஓடும். ஸ்கர்ட் ஒல்லி, நார் தடித்துக் குறுக்கே ஓடும். எதுவானாலும் சுட்டபின் நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரியுங்கள், இல்லாவிட்டால் ரப்பர்தான்.

அப்புறம் தம்பி, குழம்புக்கு ரிப்-ஐ வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முன்னங்கால் ஷின் கேளுங்கள். மல்லி வறுத்து அரைத்து, குக்கரில் நன்றாக வேகவிட்டால் அந்தச் சவ்வெல்லாம் கரைந்து, சாறு நம் வீட்டுக் குழம்பு மாதிரியே உதட்டில் ஒட்டும்.