யோனி, கர்ப்பாசயம், ஆர்த்தவம்: இச்சொற்கள் பிறந்த விதம் என்ன?

கேள்வி (குடியாத்தம், செவிலியர்):

சுற்றுக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எங்களிடமுள்ள பழைய ஆயுர்வேதக் கையேட்டில் இச்சொற்கள் அடிக்கடி வருகின்றன. யோனி என்று வாசித்ததுமே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அவர்கள் காதில் அது வசைச்சொல்லாகவே விழுகிறது. அதோடு, ஓரிடத்தில் பிறப்புப் பாதையையும் வேறோரிடத்தில் கருப்பையையும் அதே சொல் குறிக்கிறது. இது கையேட்டின் பிழையா?

மறுமொழி (வேலூர், ஓய்வுபெற்ற சமஸ்கிருத ஆசிரியர்):

பிழையில்லை அம்மா, சொல்லின் பரப்பே அவ்வளவு பெரிது. ரிக் வேதத்தில் யோனி என்றால் இருப்பிடம், பிறப்பிடம். அக்கினி அமரும் இடத்துக்கும் அதுவே பெயர். சேர்தலைக் குறிக்கும் ‘யு’ என்னும் வேரிலிருந்து வந்ததாக இலக்கணிகள் சொல்வார்கள். யோனி சங்கின் உட்சுழியைப் போன்றது, மூன்று சுற்றுகள் உடையது, மூன்றாம் சுற்றில் கருவின் படுக்கை இருக்கிறது என்று பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையின் சாரீரப் பகுதி, அதாவது உடலமைப்பைச் சொல்லும் பகுதி, கூறுவதால், வெளிவாயில் முதல் கருப்பை வரை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதை எண்ணும் 20 யோனி நோய்களில் மாதவிடாய் வராமற்போவதும் கரு தங்காமல் அழிவதும் சேர்ந்திருப்பது இதனால்தான். இன்றைய பாடநூல்கள் அதைப் பிறப்புப் பாதைக்கு மட்டுமே வைத்துக்கொண்டன. அந்தக் குறுகிய பொருளோடு பழைய நூலைப் படித்தால் நோயே மாறிப்போகும்.

கர்ப்பாசயத்தில் உள்ள ஆசயம், படுத்தலைக் குறிக்கும் ‘சீ’ என்னும் வேரில் பிறந்தது. நீர் தங்கினால் ஜலாசயம், சிறுநீர் தங்கினால் மூத்திராசயம், கரு கிடந்தால் கர்ப்பாசயம். சயனம் என்பதும் அதே வேர்தான். பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டாவில் ரங்கநாதர் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அதன் வடிவுக்குச் சுசுருதர் காட்டும் உவமை ரோகித மீனின் வாய், அதாவது நம் சந்தையில் விற்கும் ரோகு. வாய் குறுகி, உள்ளே அகன்றிருப்பதைக் கையில் எடுத்தாலே பார்க்கலாம்.

மறுமொழி (ஆரணி, தமிழாசிரியை):

ஆர்த்தவம், அதாவது மாதவிடாய், ‘ருது’விலிருந்து வந்த சொல். ருது என்றால் பருவம். பருவத்தில் வருவது ஆர்த்தவம். ‘ருதுவானாள்’ என்று நாம் சொல்வதும் அதுதான். உறுப்பைச் சொல்லாமல் காலத்தைச் சொல்லும் இந்த வழக்கம் நம் பெண்களுக்கும் பழக்கமானதே: ‘நாள் தள்ளிப் போயிருக்கிறது’ என்றுதானே உங்களிடம் வந்து சொல்கிறார்கள்? அதற்கு வடமொழியில் புஷ்பம் என்ற பெயரும் உண்டு. தொல்காப்பியம் பூப்பு என்கிறது. ஆகவே கூச்சத்தை நீக்க ஆர்த்தவத்திலிருந்து தொடங்குங்கள், யோனியைக் கடைசியில் சொல்லுங்கள். கர்ப்பப்பை என்று அவர்கள் சொன்னால் திருத்தவும் வேண்டாம். கர்ப்பம் வடமொழி, பை தமிழ், பொருள் பிசகாமல் நிற்கிறது.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. யோனி என்று வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பாதையா, கருப்பையா, இரண்டுமா என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவருகிறேன். இதுவரை பார்த்த பதினொன்றில் ஆறு இடங்களில் ‘இரண்டும்’ என்றே எழுத வேண்டியிருந்தது.