ஸ்வெட் லாட்ஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

குறிஞ்சி:
வணக்கம். வட அமெரிக்க நகரங்களில் வாழும் தொல்குடிகள், போதை ஊசி, எச்.ஐ.வி. தடுப்பு பற்றிய பாடத்தைச் சமூகப்பணி மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்வெட் லாட்ஜ்’ என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வில்லோக் கழிகளை வளைத்து நட்டு, போர்வையால் மூடிய தாழ்ந்த குடில். நடுக்குழியில் பழுக்கக் காய்ந்த கற்கள். நீர் ஊற்ற ஊற்ற ஆவி எழும். இருட்டில் சுற்றி அமர்ந்து பாடுவார்கள், வேண்டுவார்கள். லக்கோட்டா என்ற தொல்குடியின் மொழியில் ‘இனிபி’. ‘வியர்வைக் குடில்’ சரிவருமா?

ஏடு:
வேதுக்குடில்! பிள்ளை பெற்றவளுக்கு வேது, அதாவது மருந்து ஆவி, பிடித்த மண் நம்முடையது. வே என்ற வேரைப் பாருங்கள்: வேதல், வேனில், வெயில், வெம்மை, வேது. வேர்த்தலும் இந்தக் குடும்பம்தான் என்பேன். வேள்வியையும் இதில் சேர்க்க இடமுண்டு; தனி மடலில் விரிக்கிறேன்.

டொரண்டோ தாதி:
ஐயா, வேது என்றால் நொச்சி இலையும் சளியும்தான் நினைவுக்கு வரும். இது வழிபாடு. தொல்குடிச் சடங்குகளைக் குற்றமாக்கும் விதிகளை அமெரிக்க அரசு 1883இல் கொண்டுவந்தது. அவர்களுக்கான சமயச் சுதந்திரச் சட்டம் 1978இல்தான் வந்தது. சளிக்கு ஆவி பிடித்ததற்கா அத்தனை தண்டனை?

ஏடு:
அப்படியானால் வேள்விக்குடில்.

மருதன்:
ஓமகுண்டமும் புரோகிதரும் வந்துவிடுவார்கள். வேண்டாம்.

குறிஞ்சி:
இன்னொன்று. போதையை விட்டு நான்கு நாளாவது ஆனவரையே உள்ளே விடும் மூத்தோர் பலர். ஊசியை இன்னும் விடாதவருக்குப் புது ஊசி கொடுத்துத் தொற்றைத் தடுப்பவர், அவரைத் தம் மரபோடு எப்படிச் சேர்ப்பது என்பதுதான் பாடத்தின் உயிர். சுற்றி அமர்ந்து ஒவ்வொருவராக மனம்விட்டுப் பேசும் பேச்சு வட்டத்தில் அமர்த்துவது ஒரு வழி. அந்த நான்கு நாள் கட்டுப்பாடு தெரிய, ‘நோன்புக்குடில்’?

மருதன்:
பட்டினி என்று எடுத்துக்கொள்வார்கள். காட்சி வேண்டித் தனியே உண்ணாதிருக்கும் நோன்பு அம்மக்களிடம் வேறாக இருக்கிறது. குழம்பும்.

ஏடு:
நோன்பு பட்டினி அல்ல, நோல், பொறுத்தல். ‘உற்றநோய் நோன்றல்’ என்ற குறள் மறந்துபோயிற்றா?

டொரண்டோ தாதி:
மாணவருக்கு அது தெரிய வேண்டுமே. என் வாக்கு வியர்வைக் குடிலுக்கு. ‘இனிபி’யைப் பொதுப்பெயராக்க வேண்டாம், மற்ற இனத்தாருக்கு வேறு பெயர்கள் உண்டு.

மருதன்:
அதுவே போதும்.

குறிஞ்சி:
சரி, வியர்வைக் குடில் என்றே அனுப்புகிறேன். வழிபாட்டிடம் என்று முதல் வரியிலேயே விளக்கிவிடுகிறேன்.

ஏடு:
எனக்கு உடன்பாடில்லை. வியர்வை உடம்போடு நின்றுவிடும் சொல். சொல்லடைவிலாவது வேதுக்குடிலைச் சேருங்கள்.